மஞ்சளாகிப்போன குளுட்டாதயோன் குப்பியை ஃப்ரிட்ஜ் காப்பாற்றுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இணையத்தில் வாங்கிய குளுட்டாதயோன் ஊசிப் பெட்டி கையில் இருக்கிறது. உள்ளே 600 மில்லிகிராம் பவுடர் குப்பிகள், கரைப்பதற்கு 4 மில்லி நீர் ஆம்பியூல்கள் (கழுத்தை உடைத்துத் திறக்கும் கண்ணாடிக் குப்பிகள்). கூரியரில் வந்தபோது பெட்டி சூடாக இருந்தது. இனி ஃப்ரிட்ஜில் வைப்பதா, வெளியே வைப்பதா? கரைத்ததில் பாதியை இன்று போட்டு மீதியை மூன்று நாள் கழித்துப் போடலாமா? முன்பு கரைத்து வைத்த ஒன்று இளமஞ்சளாகிக் கந்தக வாடை அடிக்கிறதே, கெட்டுவிட்டதா? வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா? கேள்வி நான்கு என்றாலும் அடியில் ஓடுவது ஒன்றே ஒன்று: இந்தக் குப்பிக்குள் இருப்பதை உடம்புக்குள் செலுத்தலாம் என்று எதை நம்பி முடிவு செய்வது? அதற்கான பதிலில் ஃப்ரிட்ஜின் பங்கு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் சுருக்கம். பிரிக்காத பவுடருக்கு லேபிளில் உள்ள வெப்பநிலைதான் விதி. கரைத்துப் போட்டது போக மீந்ததை வைத்திருக்கக் கூடாது. மஞ்சளானதைத் தூக்கிப் போடுங்கள். ரத்தக்குழாய் வழியாக வீட்டில் போடவே கூடாது. தசையில் போடுவதென்றால், மருத்துவர் எழுதிக்கொடுத்து, செவிலியர் கற்றுக்கொடுத்து, முதல் டோஸ் அவர்கள் கண்ணெதிரே நடந்து முடிந்த பிறகுதான்.

இனி காரணங்கள். குளுட்டாதயோன் மூன்றே அமினோ அமிலங்கள் கோத்த சின்ன மூலக்கூறு: குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின். நம் செல்கள் அதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அதன் வேலை முழுவதும் சிஸ்டீனில் தொங்கும் கந்தக-ஹைட்ரஜன் முனையில்தான் இருக்கிறது. பலவீனமும் அதே இடத்தில்தான். ஆக்சிஜன் பட்டால் இரண்டு மூலக்கூறுகள் கந்தகத்தோடு கந்தகம் கைகோத்து ஒன்றாகிவிடும். அதைத்தான் ஆக்சிஜனேற்றம் அடைந்த குளுட்டாதயோன் என்கிறோம். உலர்ந்த பவுடராக இருக்கும்வரை இந்த மாற்றம் மிக மெதுவாக நடக்கும். நீரில் கரைத்த நிமிடமே வேகம் எடுக்கும். வெப்பம், வெளிச்சம், இரும்பு அல்லது செம்பின் துளி, காரத்தன்மை ஆகியவை அந்த வேகத்தைக் கூட்டும். தயாரிப்பாளர்கள் கரைசலாக விற்காமல் உறைய வைத்து உலர்த்திய பவுடராக விற்பதற்குக் காரணம் இதுதான்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ஆக்சிஜனேற்றம் அடைந்த குளுட்டாதயோனுக்கும் நிறம் கிடையாது. ஆகவே கரைசல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. பாதிக்கு மேல் மாறிப்போயிருந்தாலும் தெளிவாகவே தெரியும். மஞ்சள், கலங்கல், மிதக்கும் துகள், அடியில் படிவு இவையெல்லாம் கெட்டதற்குச் சான்று. இவை இல்லாதது நல்லதற்குச் சான்று ஆகாது. வாடையும் அப்படித்தான். கந்தகம் உள்ள பொருள் என்பதால் லேசான வாடை இயல்பு. அழுகிய முட்டைபோல மூக்கைத் துளைத்தால் சிதைவு. உங்கள் பெட்டியில் வைட்டமின் சி ஆம்பியூலும் இருந்து இரண்டையும் ஒன்றாகக் கரைத்திருந்தால், அந்த மஞ்சள் பெரும்பாலும் வைட்டமின் சி காற்றுபட்டு மாறிய நிறம். எதனால் வந்த மஞ்சளாக இருந்தாலும் அந்தக் குப்பியைப் போடாதீர்கள்.

வேதியியல் இப்படியென்றால், அதோடு கூடவே இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது: கிருமி. ரப்பர் மூடியை ஊசி துளைத்த கணத்தில் அது ஓடத் தொடங்கிவிடும். ஒற்றை டோஸ் குப்பிகளில் கிருமியைத் தடுக்கும் பதனப்பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. வீட்டு அறைக் காற்றில் திறந்த அந்தக் கரைசலில் ஒரு சில பாக்டீரியா விழுந்தால் போதும், பெருகத் தடை ஏதும் இல்லை. ஃப்ரிட்ஜ் அவற்றின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். குளிரிலேயே வளரும் பாக்டீரியாவும் உண்டு. அதனால்தான் இவ்வகைக் குப்பிகளின் தாளில் ‘கரைத்த உடனே பயன்படுத்துக, மீதியை அப்புறப்படுத்துக’ என்று போட்டிருக்கும். மூன்று நாள் கழித்துப் போட நினைத்த மீதிப் பாதியில் மருந்தின் பங்கு குறைந்திருக்கும், கிருமியின் பங்கு கூடியிருக்கலாம். காசு வீணாகிறதே என்று தோன்றினால் சிறிய அளவுக் குப்பி கிடைக்கிறதா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். பெரிய குப்பியைப் பங்குபோடுவது அதற்கு வழியல்ல.

இதைச் சமாளிக்க ஒரு யோசனை வலம் வருகிறது: சாதாரண ஊசி நீருக்குப் பதில் பென்சைல் ஆல்கஹால் சேர்த்த பதன நீரில் கரைத்தால் 28 நாள் வைத்துக்கொள்ளலாம் என்று. அந்த 28 நாள் கணக்கு, பதனப்பொருளோடு தயாரித்துப் பலமுறை எடுப்பதற்கென்றே அனுமதித்த பாட்டில்களுக்கானது. முதலில் துளைத்த நாளிலிருந்து எண்ணி 28ஆம் நாள் எறிய வேண்டும் என்பது கிருமியை மட்டும் கருதி வைத்த விதி. பென்சைல் ஆல்கஹால் பாக்டீரியாவைத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. மருந்தகமே கலந்து தரும் 200 மில்லிகிராம்/மில்லி போன்ற கரைசல் பாட்டில் உங்களிடம் இருந்தால் அதன் லேபிள் தேதியைப் பின்பற்றுங்கள். துளைத்த தேதியைப் பாட்டில்மேல் பேனாவால் எழுதுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உள்ளே தள்ளும் காற்றில் ஆக்சிஜனும் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கடைசி டோஸும் முதல் டோஸும் ஒரே தரத்தில் இருக்காது.

சரி, ஃப்ரிட்ஜ். லேபிளில் ‘25 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாமல்’ என்றிருந்தால் குளிர்ந்த, இருண்ட அலமாரி போதும். அறை அதைவிடச் சூடாக இருக்குமானால் ஃப்ரிட்ஜ். ‘2 முதல் 8 டிகிரி’ என்றிருந்தால் ஃப்ரிட்ஜ் மட்டுமே. கதவில் வைக்காதீர்கள், திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே வெப்பநிலை துள்ளும். உறைபெட்டியை ஒட்டியும் வைக்காதீர்கள். நீர் ஆம்பியூல் உறைந்து கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடு, மூடிபோட்ட டப்பாவுக்குள், பக்கத்தில் ஒரு சிறிய தெர்மாமீட்டர். அந்த அட்டைப்பெட்டியை எறிந்துவிடாதீர்கள், வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான். எடுத்துப் போடும்போது குப்பியை 20, 30 நிமிடம் வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ந்த குப்பியின் மூடியில் ஈரம் பூத்திருக்கும், ஸ்பிரிட் சரியாகக் காயாது. குளிர்ந்த மருந்து தசையில் போனால் வலியும் கூடும்.

கூரியரில் சூடான பெட்டியைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. உலர் பவுடர் சில நாள் சூட்டைத் தாங்கியிருக்க வாய்ப்பு உண்டு. கரைசலாக வந்திருந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. எத்தனை டிகிரியில் எத்தனை நாள் தாங்கும் என்ற சோதனைத் தரவு தயாரிப்பாளரிடம்தான் இருக்கும். தொகுதி எண்ணைச் சொல்லி அவர்களிடமே கேளுங்கள். பதில் தர ஆளே இல்லாத தயாரிப்பாளர் என்றால், அதுவே உங்களுக்கான பதில். பவுடரைப் பார்த்தும் கொஞ்சம் தெரியும்: வெள்ளையாக, உலர்ந்து, அடியில் கட்டியாகவோ உதிரியாகவோ இருக்க வேண்டும். சுருங்கி, பிசுபிசுத்து, சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் நுழைந்துவிட்டது.

இனி ஃப்ரிட்ஜைவிட முக்கியமான விஷயம். இதை ‘சப்ளிமெண்ட் ஊசி’, அதாவது சத்துப்பொருள் ஊசி, என்றுதான் பெரும்பாலும் விற்கிறார்கள். அந்தச் சொல்லே முரண். அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சப்ளிமெண்ட் என்பது வாய்வழி விழுங்குவது. ஊசியில் போனால் அது மருந்து. இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. விழுங்கும் பவுடரில் கொஞ்சம் பாக்டீரியாக் கழிவு இருந்தாலும் வயிறும் குடலும் சமாளித்துக்கொள்ளும். ஊசியில் போனால் நேரே ரத்தத்தில் கலக்கும். எண்டோடாக்சின் என்ற அந்தக் கழிவு, செத்த பாக்டீரியாவின் சுவரிலிருந்து வருவது. கிருமியை வடிகட்டும் 0.22 மைக்ரான் வடிகட்டி அதைப் பிடிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது; 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் என்பது கண்ணாடிப் பாத்திரங்களுக்கு அதை அழிக்கும் வழி, மருந்துக்கு அது ஆகாது. 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றியே எச்சரித்தது: சத்துப்பொருள் தரத்தில் இருந்த குளுட்டாதயோன் பவுடரை மருந்தகத்தில் ஊசியாகக் கலக்க, அதைப் போட்டுக்கொண்ட 7 பேருக்கு குமட்டல், வாந்தி, தலைசுற்றல், உடம்பு வலி, குளிர் நடுக்கம். பவுடரில் எண்டோடாக்சின் அளவுக்கு மீறி இருந்தது. அவர்கள் எவ்வளவு ஒழுங்காக ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாலும் இது நடந்திருக்கும்.

ஆகவே சேமிப்பைக் கேட்கும் முன் லேபிளைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், தொகுதி எண், தயாரிப்பு தேதி, காலாவதி தேதி, மருந்தாகப் பதிவு செய்த எண், எந்த வழியில் போட வேண்டும் என்ற வாசகம் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். ‘அழகு சாதனம்’ அல்லது ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு ஊசியாக விற்கும் பெட்டிகள் உண்டு. எண்ணையும் கவனியுங்கள். சந்தையில் 6,00,000 மில்லிகிராம் என்று அச்சடித்த பெட்டிகள்கூட உலவுகின்றன. 6,00,000 மில்லிகிராம் என்றால் 600 கிராம். கட்டைவிரல் அளவு குப்பிக்குள் அரைக் கிலோவுக்கு மேல் பவுடர்! லேபிளில் கணக்கே தப்பாக இருந்தால் உள்ளே இருப்பது குளுட்டாதயோன்தானா என்பதே சந்தேகம். உங்களுடைய 600 மில்லிகிராம் என்ற அளவு நம்பக்கூடியதே. சில நாடுகளில் மருந்தாகவே பதிவான அளவு அது. மற்ற விவரங்கள் இருக்கின்றனவா என்று மருந்தாளுநர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். எழுத்து விவரணையை வைத்து நான் சொல்ல முடியாததை அவர் கையில் பிடித்துப் பார்த்துச் சொல்வார்.

இதெல்லாம் தேறி, மருத்துவரும் எழுதிக்கொடுத்து, தசை ஊசி என்று முடிவாகியிருந்தால், கரைக்கும் முறை இது. மேசையைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, கையைச் சோப்பு போட்டு 20 நொடி கழுவுங்கள். ஆம்பியூலின் கழுத்தில் நீர் தங்கியிருந்தால் விரலால் தட்டிக் கீழே இறக்கி, துணிச்சுருளால் பிடித்து உங்களுக்கு எதிர்ப்புறமாக உடையுங்கள். கண்ணாடித் துகள் விழும் என்பதால் 5 மைக்ரான் வடிகட்டி ஊசியால் உறிஞ்சி, பிறகு அந்த ஊசியைக் கழற்றி வேறு மாட்டுங்கள். குப்பியின் ரப்பரை 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் துடைத்துத் தானாகக் காயவிடுங்கள்; ஊதக் கூடாது. ஊசியின் சரிந்த வாய் மேலே பார்க்க, சாய்வாகத் தொட்டு நிமிர்த்தியபடி குத்தினால் ரப்பர்த் துண்டு அறுந்து உள்ளே விழாது. நீரைச் சுவர் வழியாக மெதுவாக இறக்கி, குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கினால் மருந்து ‘செத்துவிடும்’ என்பார்கள். அது பெரிய புரதங்களுக்குப் பொருந்தும் பேச்சு. மூன்று அமினோ அமிலத்துக்கு இல்லை. ஆனாலும் குலுக்காதீர்கள்: நுரை வந்தால் அளவு தப்பும், காற்றும் கலக்கும். 600 மில்லிகிராமுக்கு 4 மில்லி நீர் என்றால் ஒரு மில்லியில் ஏறத்தாழ 150 மில்லிகிராம். மருத்துவர் எழுதியது மில்லிகிராமா மில்லியா என்று இரண்டுமுறை பாருங்கள், தவறு அதிகம் நடப்பது அங்கேதான்.

கரைக்கும் நீர் பெட்டியோடு வந்ததாகவோ தாளில் பெயர் சொன்னதாகவோ மட்டும் இருக்கட்டும். குடிநீர், காய்ச்சிய நீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் எதுவும் ஆகாது. வேறு எந்த மருந்தையும் அதே சிரிஞ்சில் சேர்க்காதீர்கள். வைட்டமின் சி-யையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவருக்கு அதிக அளவு வைட்டமின் சி ரத்தக்குழாயில் போனால் சிவப்பணுக்கள் உடையும். அந்தக் குறைபாடு தமக்கு இருப்பது தெரியாமலே பலர் இருக்கிறார்கள்.

போடும் இடம், பெரியவர்களுக்கு, தானே போட்டுக்கொள்ள வசதியானது தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி. இன்னொருவர் போடுவதானால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை. புட்டத்தின் நடுவில் வேண்டாம், காலுக்கு ஓடும் பெரிய நரம்பு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. (நாம் ‘நரம்பு ஊசி’ என்று சொல்வது உண்மையில் ரத்தக்குழாய் ஊசி. நிஜ நரம்பில் ஊசி பட்டால் கால் மரத்துப்போவதில் தொடங்கி நிரந்தரப் பலவீனம்வரை போகலாம்.) மேற்கையில் ஒரு மில்லிக்கு மேல் தாங்காது, தொடையில் இரண்டு, மூன்று மில்லி. 4 மில்லி முழுவதையும் ஒரே இடத்தில் இறக்குவது அதிகம், இரண்டாகப் பிரிப்பதா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். மருந்தை எடுத்த ஊசி ரப்பரில் மழுங்கியிருக்கும். புதிதாக 22 அல்லது 23 கேஜ் (ஊசியின் பருமன்), ஒன்று முதல் ஒன்றரை அங்குல ஊசி மாட்டி, தோலைத் துடைத்துக் காயவிட்டு, நேர்செங்குத்தாகக் குத்தி மெதுவாக இறக்குங்கள். அடுத்த முறை மறுபக்கம்.

ரத்தக்குழாய் வழியை மட்டும் ஏன் வீட்டில் மறுக்கிறேன் என்றால், கைத்திறமை இல்லை என்பதால் அல்ல. ஒவ்வாமை வந்தால் சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்த ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை என்பது மூன்றாம் முறைக்கு உத்தரவாதம் இல்லை. டிரிப்பாகப் போட நினைத்து வெறும் ஊசி நீரை 100, 200 மில்லி கணக்கில் ஏற்றினால் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும். இன்னொன்று: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டிலை வாங்கிப் பகிர்வது. ஊசியை மாற்றினோம், சிரிஞ்ச் மட்டும் அதுதான் என்பார்கள். ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்ஐவி பரவ அந்த சிரிஞ்ச் போதும்.

போட்டபின் அரை மணி நேரம் தனியாக இருக்காதீர்கள். உடம்பெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சிரைப்பு, கண் இருட்டுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசர ஊர்தி. சில மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் மேலே சொன்ன எண்டோடாக்சினோ கிருமியோ காரணமாக இருக்கலாம், குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். குத்திய இடம் இரண்டு நாளுக்குப் பிறகும் சிவந்து, சூடாகி, வீக்கம் கூடிக்கொண்டே போனால் சீழ் கட்டுவதாக இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், ஈரல் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் தம் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

எதற்காகப் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தோலின் நிறத்தை வெளுக்க வைப்பதற்காக என்றால், இந்தப் பகுதியில் உறுதியைவிடச் சந்தேகம்தான் அதிகம். ரத்தத்தில் ஏற்றிய குளுட்டாதயோன் சுமார் 10 முதல் 15 நிமிடத்தில் பாதியாகிவிடுகிறது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து நரம்புகளைக் கெடுப்பதைக் குறைக்கத் துணைமருந்தாக இது சில நாடுகளில் அனுமதி பெற்றிருக்கிறது. நிறத்துக்கான ஊசி ஆய்வுகள் மிகக் குறைவு, மிகச் சிறியவை. 2016இல் வெளியான ஒன்றில் சிலருக்கு நிறம் சற்று மாறி, சில மாதங்களில் பழையபடி ஆனது; பலருக்கு ஈரல் பரிசோதனை முடிவுகள் கெட்டன, ஒருவருக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இவ்வகைப் பயன்பாட்டில் கடுமையான தோல் எதிர்வினைகளும் தைராய்டு, சிறுநீரகப் பாதிப்புகளும் வருவதாக எச்சரித்திருக்கிறது.

அந்த மஞ்சள் குப்பியைக் கழிவறையில் ஊற்ற வேண்டாம். மூடியோடு அப்படியே மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். காலாவதியான மருந்தை வாங்கிக்கொள்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி மாட்ட முயலாதீர்கள், விரலில் குத்துவது அப்போதுதான். ஊசி துளைக்காத கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், ஊசி கீழ்நோக்க அப்படியே போட்டு, முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி டேப் ஒட்டி, மேலே ‘ஊசிகள்’ என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள்.